ஸ்விஃப்ட்டைவிட நீளம், ஆனால் சீட் இரண்டுதான்: கன்வெர்டிபிளும் ஹேட்ச்பேக்கும் - உட்கார்ந்து போக எது வசதி?

தமிழ்நாட்டில் பலரும் கூரையில்லாத காரை முதன்முதலாக நேரில் பார்த்தது ஷோரூமில் அல்ல, கல்யாண ஊர்வலத்தில். நாதஸ்வரம் முன்னே போகும், இரண்டு பக்கமும் தலையில் விளக்கோடு ஆட்கள் நடப்பார்கள், நடுவில் பூச்சரம் சுற்றிய பழைய அமெரிக்க கார் ஒன்று ஊர்ந்து வரும். பின்சீட்டில் கோட் சூட் போட்ட மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘ஜானவாச கார்’ என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் கட்டியிருக்கும் பட்டு ஆரணிப் பக்கத்துத் தறியில் இருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டினால் வரும் வெம்பாக்கம் அந்தப் பட்டு உலகத்தைச் சேர்ந்த ஊர்தான். திருவண்ணாமலை மாவட்டம், ஆரணி மக்களவைத் தொகுதி. ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் ஆரணி. இடையில் உள்ள கிராமங்களில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. அடுத்த தலைமுறையோ செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறது. அவர்களில் பலருக்கு, கார் செய்யும் ஊரில் வேலை என்றாலும் வீட்டுக்கு முதல் கார் இனிமேல்தான் வர வேண்டும்.

அந்த முதல் காரைத் தேடி போனைத் திறந்தால், ஸ்விஃப்ட் ரிவ்யூவுக்கு அடுத்து ரீல்ஸில் வந்து நிற்பது கூரை திறந்த பிஎம்டபிள்யூ இசட்4. பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் ஆயா கேட்கிற கேள்வி ரொம்ப சிம்பிள்: “ஏம்பா, இவ்ளோ நீளமா இருக்குதே, ரெண்டே பேருதான் உக்கார முடியுமா?”

நியாயமான கேள்விதான். விலையை வைத்துப் பார்த்தால் இரண்டு காரையும் ஒப்பிடவே முடியாது. ஸ்விஃப்ட் 2025 செப்டம்பர் வரிக் குறைப்புக்குப் பிறகு 5.79 லட்சத்தில் ஆரம்பித்தது. இசட்4 எக்ஸ்-ஷோரூமிலேயே ஏறத்தாழ 90 லட்சமாக இருந்தது. ஆனால் டேப் எடுத்து அளந்து பார்த்தால் நிலவரம் வேறு மாதிரி இருக்கிறது.

டேப் என்ன சொல்கிறது?

இப்போதைய ஸ்விஃப்ட்டின் நீளம் 3,860 மில்லிமீட்டர், அகலம் 1,735, உயரம் 1,520. இசட்4 நீளம் 4,324, அகலம் 1,864, உயரம் 1,304. அதாவது இசட்4 சுமார் 46 செ.மீ. கூடுதல் நீளம், 13 செ.மீ. கூடுதல் அகலம், ஆனால் 21 செ.மீ.க்கு மேல் குள்ளம். (இரண்டு காரையும்விட ஒரு புடவை நீளம். ஐந்தரை மீட்டர் புடவையை விரித்தால் இசட்4-இன் மூக்கில் ஆரம்பித்து வாலையும் தாண்டி ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம் கிடக்கும்.)

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் கார் தரையில் அடைக்கும் இடம் தெரியும். இசட்4-க்கு சுமார் 8.1 சதுர மீட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 6.7. இதை சீட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இசட்4-இல் ஒரு ஆளுக்கு 4 சதுர மீட்டர் தெரு தேவை. ஸ்விஃப்ட்டில் 1.3 போதும். மூன்று மடங்கு வித்தியாசம்.

சரி, அப்படியென்றால் அந்த இரண்டு பேருக்கு உள்ளே மூன்று மடங்கு தாராளமா? அதுவும் இல்லை. வீல்பேஸ் என்று ஒரு அளவு இருக்கிறது. முன்சக்கர நடுப்புள்ளியில் இருந்து பின்சக்கர நடுப்புள்ளி வரையிலான தூரம் அது. ஆட்கள் உட்காரும் இடம் பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள்தான் அமைய முடியும். இசட்4-இன் வீல்பேஸ் 2,470 மி.மீ., ஸ்விஃப்ட்டினுடையது 2,450. வித்தியாசம் வெறும் 2 செ.மீ. 90 லட்சத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு கட்டைவிரல் அகலம்!

அந்த 46 செ.மீ. எங்கே போனது?

மூக்குக்குப் போனது. இசட்4 எம்40ஐ மாடலில் இருப்பது மூன்று லிட்டர் இன்ஜின், ஆறு சிலிண்டர், எல்லாம் ஒரே வரிசையில், காரின் நீளவாக்கில். அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி கடத்த நீளமான தண்டு. இத்தனையையும் வைத்த பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில்தான் டிரைவர். அதனால் அவர் ஏறக்குறைய பின்சக்கரத்துக்கு முன்னால் ஒட்டி உட்கார வேண்டியிருக்கிறது. பின்சீட் போட இடமே கிடையாது.

ஸ்விஃப்ட்டில் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். அதைக் குறுக்குவாட்டில் திருப்பி, கியர்பாக்ஸையும் பக்கத்திலேயே ஒட்டி, முன்சக்கரங்களையே இழுக்க வைத்திருக்கிறார்கள். இந்த யோசனையை உலகம் முழுக்கப் பரப்பியது 1959-இல் பிரிட்டனில் வந்த மினி. அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளர் இன்ஜினைக் குறுக்கே திருப்பியதால், வெறும் 3.05 மீட்டர் நீளக் காரில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு ஓடும் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகள் அந்தக் கணக்கின் பிள்ளைகள்தான்.

இன்னொரு விஷயம் உயரம். இது வெம்பாக்கம்காரர்களுக்குச் சொல்லித்தான் புரிய வேண்டும் என்பதில்லை, குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். நெசவாளர் தரை மட்டத்தில் உட்காருகிறார், கால்கள் குழிக்குள் கீழே தொங்குகின்றன, பாதம் மிதியில் இருக்கிறது. தரையோடு உட்கார்ந்தாலும் கால் மடங்கிக் கீழே இறங்க ஒரு குழி இருப்பதால் இடம் அதிகம் ஆகாது. ஸ்போர்ட்ஸ் காரில் சீட் கிட்டத்தட்ட தரையோடுதான் இருக்கும், ஆனால் குழி கிடையாது. எனவே கால் முன்னால்தான் நீள வேண்டும். முதுகும் கொஞ்சம் பின்னால் சாய வேண்டும், இல்லாவிட்டால் தலை கூரையில் இடிக்கும். ஆக, குள்ளமான காரில் ஒரு ஆள் ‘பாதி படுத்த’ நிலையில் போகிறார். படுத்த ஆளுக்கு நீளம் அதிகம் வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்த ஆளுக்குக் கம்மி போதும். பஸ்ஸில் ஸ்லீப்பர் பெர்த்தும் சாதா சீட்டும் அடைக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளலாம்.

ஹேட்ச்பேக் இதையே தலைகீழாக்குகிறது. கூரையை உயர்த்தி, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, நீளத்தை மிச்சம் பிடிக்கிறது. இந்த வித்தையை இந்தியாவில் பிரபலமாக்கியது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே பிறந்த கார். 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோ மூன்றரை மீட்டர் நீளம்தான், ஆனால் உயரம் அதிகம். ‘என்னடா இது டப்பா மாதிரி’ என்று கேலி செய்தவர்கள்கூட உள்ளே உட்கார்ந்து பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். அதே வழியில் இன்றைய வேகன்ஆர் இன்னும் ஒரு படி மேலே. நீளம் 3,655, உயரம் 1,675. இசட்4-ஐவிட 67 செ.மீ. குட்டை, 37 செ.மீ. உயரம். அழகுப் போட்டி என்று வைத்தால் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். ஆனால் வேட்டியோ புடவையோ கட்டிக்கொண்டு ஏறி இறங்க அதைவிடச் சுலபமான கார் அந்த விலையில் கிடைப்பது கஷ்டம்.

நாலு மீட்டர் கோடு

இந்தியாவில் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகள் ஏன் 4 மீட்டருக்குள்ளேயே நிற்கின்றன என்று யோசித்ததுண்டா? அதற்குக் காரணம் பட்ஜெட். 2006-இல் அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்தில் இருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசி-க்குள், டீசல் 1,500 சிசி-க்குள் இருக்க வேண்டும். அந்தக் கோடு அப்படியே ஜிஎஸ்டி-க்கும் வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருக்கும் காருக்கு 18 சதவீதம், வெளியே இருப்பதற்கு 40 சதவீதம். முதலில் 4.16 மீட்டர் நீளமாக வந்த மாருதி டிசையர், 2012-இல் வால் வெட்டப்பட்டு 3,995 மி.மீ. ஆனதும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

கவனிக்க வேண்டியது, நீளம் மட்டும் போதாது. இன்றைய மினி கூப்பர் கன்வெர்டிபிள் 3.9 மீட்டருக்குள்தான் வருகிறது, கூரை திறக்கும், பெயருக்கு நாலு சீட்டும் உண்டு. ஆனால் இன்ஜின் இரண்டு லிட்டர். எனவே வரிக் கணக்கில் அது ‘சின்ன கார்’ இல்லை. வெளிநாட்டில் முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் கார் என்றால் சுங்க வரியும் மேலே ஏறும். இசட்4-உம் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கட்டப்பட்டு வந்த கார்தான்.

எலெக்ட்ரிக் கன்வெர்டிபிள் ஒன்றும் 2025-இல் இந்தியாவுக்கு வந்தது. எம்ஜி சைபர்ஸ்டர், விலை ஏறத்தாழ 75 லட்சம், நீளம் நாலரை மீட்டர். அதிலும் சீட் இரண்டுதான்.

முட்டி என்ன சொல்லும்?

வசதி என்றவுடன் பலரும் சீட்டின் மெத்தையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, சீட்டுக்குள் எப்படிப் போவது, எப்படி வெளியே வருவது.

நல்ல கார் சீட் உயரம் என்பது, கதவைத் திறந்து நின்றால் பின்பக்கம் தானாகவே சீட்டில் படும் உயரம். அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். ஸ்விஃப்ட் இதற்குச் சற்றுக் கீழே, வேகன்ஆர் கச்சிதம். இசட்4-இல் முதலில் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, பிறகு கீழே ‘விழ’ வேண்டும். இறங்கும்போது அந்த முழு உயரத்தையும் முட்டியும் தொடையும் சேர்ந்து தூக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அது விளையாட்டு. முப்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்த அப்பாவுக்கு? முதுகும் முட்டியும் ஏற்கெனவே தகராறு செய்யும் ஒருவருக்கு அந்த சீட், தறியைவிட மோசம். தறியில் இருந்து எழும்போது கையூன்றித் தரையில் ஏறிவிடலாம், காரில் ஊன்றுவதற்குக் கதவுச் சட்டம்தான் இருக்கிறது.

கன்வெர்டிபிளில் அந்தச் சட்டமும் அகலம். காரணம் சுவாரஸ்யமானது. பட்டுப் புடவை வைக்கும் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி போட்டு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினால் அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் வளைந்து நெளியும். காருக்கும் கூரைதான் மூடி. அதை எடுத்துவிட்டால் உடல் முறுக்கிக்கொள்ளும், குழியில் ஒரு சக்கரம் இறங்கினால் டாஷ்போர்டு வரை நடுங்கும். அதைத் தடுக்க அடித்தளத்திலும் கதவுக்குக் கீழ் ஓடும் பக்கச் சட்டங்களிலும் கண்ணாடித் தூண்களிலும் கூடுதல் இரும்பைப் போடுகிறார்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்ற சீட்டுக்குப் பின்னால் வளைவுக் கம்பிகளும் வேண்டும். ஆக, கூரையை எடுத்தால் எடை குறையும் என்று நினைத்தால், உண்மையில் கூடும். ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்கும் கீழே. இசட்4 இரண்டு பேரை ஏற்றுவதற்கு ஒன்றரை டன் எடையோடு வருகிறது. பேட்டரியும் சேர்ந்த சைபர்ஸ்டர் கிட்டத்தட்ட இரண்டு டன்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கணக்கு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சீட் பெல்ட் அல்லது சைல்டு சீட் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது, மீறினால் 1,000 ரூபாய் அபராதம். ‘மடியில் உட்கார வெச்சுக்கலாம்’ என்ற பேச்சே கிடையாது. இரண்டு சீட்டில் கணவன், மனைவி. அவ்வளவுதான்.

ஸ்விஃப்ட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். ஐந்து சீட் என்று ஆர்.சி.யில் இருக்கும், பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து சென்னை வரை போனால் நடுவில் இருப்பவர் யாரிடமும் பேசமாட்டார். ஸ்போர்ட்டியாகத் தெரிய வேண்டும் என்று அதன் கூரையைப் பின்னால் சரித்து, ஜன்னலையும் குறுக்கியிருக்கிறார்கள். அதனால் பின்சீட் கொஞ்சம் இருட்டு. நாலு பேருக்கு நல்ல கார், ஐந்தாவது ஆள் அவசரத்துக்கு.

ஸ்பீடு பிரேக்கர் என்ற பரீட்சை

காஞ்சிபுரத்தில் இருந்து தெற்கே வரும் எந்தச் சாலையிலும் பள்ளிக்கூடம், கோயில், கூட்ரோடு என்று ஒன்றுக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. காரின் அடிவயிற்றுக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், ஸ்விஃப்ட்டில் 163 மி.மீ., இசட்4-இல் சுமார் 114.

இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வில் வளைவாக இருக்க வேண்டும். 11.4 செ.மீ. இடைவெளி உள்ள கார் 10 செ.மீ. மேட்டின் மேல் நூலிழையில் போகும் என்று தோன்றும். உண்மையில் அதைவிட வசதியாகவே போகும். மேடு அகலமாக இருப்பதால், கார் நடுவில் நிற்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும்கூட மேட்டின் மீதுதான் இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுக்கு நேர் கீழே மேடு சக்கரங்களைவிட உயர்ந்திருப்பது நாலரை செ.மீ. மட்டுமே. எனவே விதிப்படி போட்ட ஸ்பீடு பிரேக்கரில் இசட்4 ஜம்மென்று ஏறி இறங்கும்.

பிரச்சினை என்னவென்றால், ஊரில் இருப்பது விதிப்படி போட்டது அல்ல. விபத்து நடந்த மறுநாள் ஆத்திரத்தில் கொட்டிய தார் மேடு. அரை மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் முழு உயரத்தோடு நிற்கும். இசட்4 நிச்சயமாகத் தரைதட்டும். ஸ்விஃப்ட்டுக்கு 1.3 செ.மீ. மிச்சம் இருக்கும், அதுவும் காலியாகப் போனால். குடும்பத்தோடு ஐந்து பேரும் பின்னால் மூட்டையும் இருந்தால் சஸ்பென்ஷன் அமுங்கி அதுவும் ‘கர்ர்ர்’ என்று உரசும். மெதுவாக, குறுக்காக ஏற்றுகிற பழைய டிரைவர்களின் பழக்கம் இந்தக் கணக்கில் இருந்து வந்ததுதான்.

குழிகளில் குலுங்காமல் போவதற்கு டயரும் முக்கியம். ஸ்விஃப்ட்டின் 185/65 ஆர்15 டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 12 செ.மீ. ரப்பரும் காற்றும் இருக்கிறது. இசட்4-இன் முன்பக்க 255/35 ஆர்19 டயரில் அது 9 செ.மீ. கூட இல்லை. மெத்தை மெலிந்தால் கட்டில் முதுகில் படுவதுபோல, டயர் மெலிந்தால் சாலை முதுகில் படும். ரிம்மும் சீக்கிரம் அடி வாங்கும்.

தெருவுக்குள் திருப்புவது இன்னொரு தலைவலி. காலையில் பாவு விரித்திருக்கும் நெசவாளர் தெருவில் யு-டர்ன் என்பதே ஒரு தவம். ஸ்விஃப்ட் முழுசாக ஒரு வட்டம் அடிக்க 9.6 மீட்டர் விட்டம் போதும், இசட்4-க்கு 11 மீட்டர் வேண்டும். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் அதன் அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டும். இரண்டு கதவு கார் என்பதால் ஒவ்வொரு கதவும் நீளம். திண்ணையை ஒட்டி நிறுத்தினால் திறக்கவே முடியாது.

வெயில், மழை, லாரி

இசட்4-இன் துணிக் கூரை பத்து விநாடியில் திறக்கும், மூடும். 50 கி.மீ. வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். ஐப்பசி மழையில் முதல் நாலு துளி விழுந்ததும் மூடிவிடலாம் என்பதால் மழை பெரிய கவலை இல்லை. வெயில்தான் கவலை. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மதியம் கூரையைத் திறப்பது, தலையில் துண்டு கூடப் போடாமல் வயலில் நிற்பதற்குச் சமம். ஏசி ஓடும், ஆனால் ஊருக்கே ஓடும்.

நெடுஞ்சாலையில் வேறொரு சங்கதி. சென்னை - பெங்களூரு சாலையில் ஓடும் லாரியின் சக்கரமே சுமார் ஒரு மீட்டர் உயரம். இசட்4-இன் மொத்த உயரம் 1.3 மீட்டர். கூரை திறந்த நிலையில் லாரிக்குப் பக்கத்தில் போனால், டிரைவரின் காது ஏறக்குறைய லாரி டயருக்கு நேராக இருக்கும். புகை, தூசு, ஏர் ஹாரன் மூன்றும் நேரடி ஒளிபரப்பு. கண்ணாடிகளை ஏற்றி, சீட்டுக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வைத்தால் காற்றின் சுழல் கொஞ்சம் அடங்கும், சத்தம் அடங்காது.

ஆக, நம் ஊரில் கூரை திறந்து ஓட்ட வசதியான நேரம் வருடத்தில் எவ்வளவு? மார்கழி, தை மாதக் காலைகள். மற்றபடி சூரியன் சாய்ந்த பிறகு, போக்குவரத்து இல்லாத சாலை. ஏலகிரி மலைப்பாதை இதற்கென்றே போட்டதுபோல இருக்கும். 14 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் மரம், தலைக்கு மேல் வானம். அங்கே இசட்4-இன் எல்லாக் குறையும் நிறையாக மாறிவிடும். தரையோடு ஒட்டிய எடை, அகலமான டயர், நீளமாக நீட்டிய கால் எல்லாம் சேர்ந்து, வளைவில் கார் சாயாமல் திரும்பும். ஸ்விஃப்ட்டில் உயரமாக உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியைத் தேடுவார். பின்சீட்டில் இருப்பவர் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார். நேர்மையாகச் சொன்னால், முன்னால் உட்காரும் இரண்டு பேரை மட்டும் கணக்கில் எடுத்தால், நீண்ட பயணத்தில் தொடையைத் தாங்குவதிலும் இடுப்பை அணைத்துப் பிடிப்பதிலும் இசட்4 சீட்டின் பக்கத்தில் ஸ்விஃப்ட் சீட் நிற்க முடியாது.

டிக்கியில் ஒரு ஆச்சரியம்

இங்கே ஸ்விஃப்ட் தோற்கிறது. ஸ்விஃப்ட்டின் டிக்கி 265 லிட்டர், இசட்4-இன் டிக்கி 281. கூரையைத் திறந்து மடித்து வைத்தாலும் அது குறையாது. ஆரணி என்றால் பட்டுக்கு அடுத்து அரிசிதான் என்பதால் அரிசியிலேயே அளக்கலாம். 25 கிலோ மூட்டை சுமார் 31 லிட்டர் இடம் பிடிக்கும். கொள்ளளவை மட்டும் பார்த்தால் இரண்டு காரிலும் எட்டு, ஒன்பது மூட்டைக்கான இடம் இருக்கிறது. ஆனால் இசட்4-இன் டிக்கி தட்டையானது. புடவைப் பெட்டிகளை அடுக்கலாம், நிமிர்த்தி வைக்கிற அண்டா போகாது. ஸ்விஃப்ட்டில் பின்சீட்டை மடித்தால் இடம் பல மடங்காகும். பின்கதவும் கூரை வரை திறக்கும். ‘ஹேட்ச்பேக்’ என்ற பெயரே அந்தக் கதவுக்குத்தான். வேகன்ஆரில் சீட்டை மடிக்காமலேயே 341 லிட்டர். மினி கன்வெர்டிபிளில் நிலைமை பரிதாபம்: கூரை மூடியிருந்தால் 215 லிட்டர், திறந்தால் மடிந்த கூரை உள்ளே இறங்கி 160 ஆகிவிடும்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஜானவாச கார்கள் அருகிவிட்டதால், சில இடங்களில் சாதாரண காரின் கூரையை அறுத்துக் ‘கன்வெர்டிபிள்’ ஆக்கி வாடகைக்கு விடுகிறார்கள். மேலே சொன்ன அட்டைப் பெட்டிக் கணக்கின்படி, கூடுதல் சட்டம் எதுவும் போடாமல் மூடியை மட்டும் வெட்டிய கார் அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தில் இருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதையே உறுதியாகச் சொன்னது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் தகராறும் சேர்ந்துகொள்ளும். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யை வாங்கிப் பார்ப்பது நல்லது. அதில் வண்டியின் உடல் வகை என்ன என்று எழுதியிருக்கும்.

உண்மையான கன்வெர்டிபிள் கிடைத்துவிட்டால் ஊர்வலத்துக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. வேகம் நாதஸ்வரக்காரரின் நடை. நேரம் சாயங்காலம், வெயில் இல்லை. லாரியும் இல்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நாலு பேர் முன்னால் நின்று ‘வா, வா, லேசா ஒடி’ என்று சைகை காட்டுவார்கள். ஆயாவும் அப்பாவும் அம்மாவும் பின்னால் வரும் ஸ்விஃப்ட்டில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காரில் நடு சீட் யாருக்கு என்ற சண்டை மட்டும் மண்டபம் வரை ஓடும்.